கண் சொன்னதும் கணக்கு சொன்னதும்

பிரான்ஸில் போர்தோ நகருக்குக் கிழக்கே லிபோர்ன் என்றொரு ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் தோட்டக்காரர் ஒருவரின் மகன் பிரான்சுவா கெனோன், வீட்டிலிருந்த ஒரே பசுவை மேய்த்து வந்தான். ஒருநாள் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்தபோது, மடிக்குப் பின்புறம், இரு தொடைகளுக்கும் நடுவில் மயிர் மேல்நோக்கிப் படிந்திருப்பது கண்ணில் பட்டது. மற்ற இடமெல்லாம் கீழ்நோக்கி, அங்கே மட்டும் மேல்நோக்கி. அக்கம்பக்கத்துப் பசுக்களையும் பார்த்தான். அந்தப் பரப்பின் வடிவம் பசுவுக்குப் பசு மாறியது. நன்றாகக் கறக்கிற பசுவுக்கு ஒருவிதமாகவும் கறவை குறைந்த பசுவுக்கு வேறுவிதமாகவும் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

அந்தச் சந்தேகத்தைக் கெனோன் விடவில்லை. தொழுவம் தொழுவமாக, சந்தை சந்தையாகப் பார்த்துப் பெரியதொரு வகைப்பாட்டையே உருவாக்கினார். மயிர் மேல்நோக்கி வளரும் பரப்பு அகலமாக, உயரமாக இருந்தால் பால் அதிகம். குறுகி, கோணலாக இருந்தால் பால் குறைவு, சினைப்பட்டதும் சீக்கிரம் வற்றிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், சினைப்பட்டபின் எத்தனை மாதம் என்றுகூட அதை வைத்தே அவர் சொன்னார். போர்தோ வேளாண் சங்கம் அவரைச் சோதித்துப் பார்த்து 1837-இல் தங்கப் பதக்கம் அளித்தது. அடுத்த ஆண்டு வந்த அவருடைய புத்தகம் ஐரோப்பாவைத் தாண்டி அமெரிக்கா வரை போனது. பென்சில்வேனியாவில் அவருடைய முறையை ஆராய்வதற்கென்றே 1870-களில் ஓர் ஆணையம் அமைந்தது.

தமிழ்நாட்டில் மாடு வாங்கி விற்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இங்கே மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே மயிர்ச் சுழி பார்ப்பார்கள். ஏறுபூரான் என்ற சுழி இருந்தால் வீடு விளங்கும், இறங்குபூரான் ஆகாது. விலங்குச் சுழி இருந்தால் வாங்கியவர் கையில் விலங்கு விழும். பாடைச் சுழி என்றால் வீட்டில் சாவு. துடைப்பச் சுழி செல்வத்தைப் பெருக்கித் தள்ளிவிடும். கெனோனின் முறை, நம் சுழிக்கணக்கு இரண்டும் மயிரின் படிவை வைத்துச் சொல்லப்பட்டவைதான். ஆனால் சுழிக்கணக்கு சொல்வது வாங்குபவரின் யோகத்தை. கெனோன் சொன்னது பாலின் அளவை. பாலை அளந்து பார்க்கலாம். அளந்தார்கள். பதிவேடுகள் பெருகப் பெருக, அந்த மயிர்ப் பரப்புக்கும் பாலுக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை என்று தெரிந்தது. கெனோனின் முறை பாடப்புத்தகங்களை விட்டு மறைந்தது. அளக்கவே முடியாத சுழி மட்டும் இன்றும் சந்தையில் விலையை இறக்கிக்கொண்டிருக்கிறது. நன்றாகக் கறக்கும் இளம் பசு ஒன்று, முதுகில் மயிர் சுழித்திருக்கிற ஒரே காரணத்துக்காக அடிமாட்டு விலைக்குப் போவது, அதை வளர்த்த குடும்பத்துக்கு உண்மையான நட்டம்.

கெனோன் பதக்கம் வாங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி என்ற சின்னத் தீவில் வேறொரு முயற்சி நடந்தது. வெளி மாடு எதுவும் தீவுக்குள் வரக்கூடாது என்று அங்கே 18-ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் போட்டிருந்தார்கள். அந்தத் தடை 2008 வரை நீடித்தது. உள்ளே இருக்கிற மாடுகளை வைத்துத்தான் தரத்தை உயர்த்தியாக வேண்டும். 1833-இல் வேளாண் சங்கம் தொடங்கி, மறு ஆண்டே ஒரு புள்ளிப்பட்டியல் தயாரித்தார்கள். தீவின் மிகச் சிறந்த பசுக்களை மாதிரியாக வைத்து, தலை, கழுத்து, முதுகு, மடி, காம்பு என்று உறுப்பு உறுப்பாகப் புள்ளி கொடுக்கும் பட்டியல் அது. கறவை மாட்டை உடலமைப்பை வைத்து முறையாக மதிப்பிட்ட முதல் முயற்சிகளில் அது ஒன்று.

தமிழ்நாட்டின் சமவெளிக் கிராமங்களில் இன்று நிற்கும் பெரும்பாலான கலப்பினப் பசுக்களில் ஓடுவது அந்தத் தீவின் ரத்தம்.

ஜெர்சித் தீவின் அந்தப் புள்ளிப்பட்டியலில் மடிக்குப் புள்ளி உண்டு. காது சிறியதாக, உட்புறம் ஆரஞ்சு நிறமாக இருந்தாலும் புள்ளி உண்டு. மஞ்சள் தோல் கொழுத்த வெண்ணெயைக் காட்டும் என்று அப்போது நம்பினார்கள். ஒரே பட்டியலில், பசுவின் உழைப்போடு நேரடித் தொடர்புள்ள உறுப்பும் கண்ணுக்கு அழகான உறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க அப்போது யாரிடமும் கணக்கு இல்லை. அடுத்த இரு நூற்றாண்டுகளில் கறவை மாட்டு வளர்ப்பில் நடந்தது பெரும்பாலும் இந்தப் பிரிக்கும் வேலைதான்.

அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் பிரீசியன் (நம் ஊரில் எச்.எஃப். என்று சுருக்கிச் சொல்லும் கறுப்பு வெள்ளை மாடு) சங்கம் 1922-இல் இலட்சியப் பசு, இலட்சியக் காளை என்று ஒரு மாதிரியையே வடித்தது. வளர்ப்பாளர்களும் கண்காட்சி நடுவர்களும் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட வடிவத்தை எட்வின் மெகார்ஜி ஓவியமாகவும், ஜப்பானில் பிறந்த சிற்பி கோசோ கவாமுரா சிலையாகவும் செய்தார்கள். 1929-இல் அந்தச் சங்கம் பண்ணைகளுக்கு ஆள் அனுப்பி ஒவ்வொரு பசுவுக்கும் மதிப்பெண் போடத் தொடங்கியது. நூற்றுக்கு 90 வாங்கினால் ‘மிகச் சிறப்பு’. இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. வாசலில் அந்த மதிப்பெண்ணை எழுதி மாட்டும் பண்ணைக்காரர்கள் உண்டு.

அதே 1920-களில் மெய்ன் மாநிலத்தின் ஆய்வு நிலையத்தில் ஜான் கோவன் என்ற ஆராய்ச்சியாளர் சங்கடமான ஒரு கேள்வியைக் கேட்டார். நடுவர்கள் கொடுத்த புள்ளிகளையும் அதே பசுக்களின் பால் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப் போகின்றனவா? ஓரளவு மட்டுமே ஒத்துப்போயின. அழகி என்று பெயரெடுத்த பசு சுமாராகக் கறந்தது, நடுவர் திரும்பிப் பார்க்காத பசு குடம் நிறைத்தது. தோற்றத்தை நம்பியவர்களும் பதிவேட்டை நம்பியவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பல பத்தாண்டுகள் வாதாடினார்கள்.

வாதத்தைத் திருப்பிப்போட்டது இன்னொரு கேள்வி: பசு எவ்வளவு கறக்கிறது என்பதோடு, எத்தனை ஈற்று நிற்கிறது?

கன்று பிறந்து, கிடேரியாகி, சினைப்பட்டு, முதல் ஈற்றுக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் ஊர்த் தீவனத்தில் மூன்று ஆண்டுகூட ஆகும். அதுவரை செலவு மட்டும்தான். முதல் ஈற்றிலேயே அந்தச் செலவு முழுவதும் திரும்பிவிடாது. பசு முதிரும்போதுதான் கறவை உச்சத்துக்குப் போகும். ஆனால் அமெரிக்கப் பண்ணைகளில் சராசரிப் பசு மூன்று ஈற்று முடிவதற்குள்ளேயே வெளியேறிவிடுகிறது. வெளியேற்றும் காரணங்களில் எப்போதும் முன்வரிசையில் நிற்பவை மூன்று: சினை பிடிக்காமை, மடிநோய், கால் நொண்டல். மூன்றுமே உடலமைப்போடு தொடர்புள்ளவை. ஆகவே மடியையும் காலையும் பார்ப்பதற்கு வலுவான காரணம் கிடைத்தது. தோற்றம் பாலின் அளவை முழுமையாகச் சொல்லாவிட்டாலும், அந்தப் பாலை எத்தனை ஆண்டுகள் அந்த உடல் தாங்கும் என்பதில் அதற்குப் பங்கு இருந்தது.

மடியைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. பசுவின் மடிக்கு எலும்புத் தாங்கல் கிடையாது. வயிற்றின் அடியிலிருந்து தொங்கும் அந்தப் பையை முக்கியமாகத் தாங்குபவை தசைநார்கள். பக்கவாட்டில் இருக்கும் நார்கள் கெட்டியானவை, அதிகம் நீளாதவை. நடுவில், இடப்பாதியையும் வலப்பாதியையும் பிரித்துக்கொண்டு ஓடும் நார் ரப்பரைப்போல் நீண்டு சுருங்கும். நல்ல பசுவின் பின்னால் நின்று பார்த்தால் மடியின் அடியில் ஒரு பள்ளம் தெரியும். அந்த நடு நாரின் வலுதான் அப்படி வெளியே தெரிகிறது. நார் தளர்ந்தால் பள்ளம் மறையும், மடியின் அடி தட்டையாகும், காம்புகள் நான்கும் வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும். மடி பின்னங்கால் முட்டிக்குக் கீழே இறங்கிவிட்டால் நடக்கும்போது இடிபடும், படுக்கும்போது சாணியில் புரளும், எழும்போது பசு தன் காம்பைத் தானே மிதித்துக்கொள்ளும். அதற்கடுத்த நிலைதான் மடிநோய்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிகம் கறக்கும் பரம்பரையில் மடி இறங்குவதும் அதிகம். பாலை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுத்தால், தலைமுறைக்குத் தலைமுறை பால் கூடும், மடியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வரும். பாலோடு மடியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டையும் பிடித்து நிறுத்த முடியும். உடலமைப்பைப் பதிவு செய்வதற்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை.

எப்படிப் பதிவு செய்வது? ‘நல்ல மடி’ என்று ஒருவர் எழுதினால் அடுத்தவருக்கு அது புரியாது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் சங்கம் 1983-இல் ஒரு புதிய முறைக்கு மாறியது. நல்லது கெட்டது என்ற தீர்ப்பைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வோர் உறுப்பும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குள் எங்கே நிற்கிறது என்று மட்டும் எண்ணால் குறித்தார்கள். இன்று பல நாடுகளில் பொதுவாக உள்ள அளவுகோல் 1 முதல் 9 வரை போகிறது. உயரத்தை எடுத்துக்கொண்டால், இடுப்பில் 130 சென்டிமீட்டர் இருந்தால் 1, 142 இருந்தால் 5, 154 இருந்தால் 9. மடியின் அடிப்பகுதி பின்னங்கால் முட்டிக்குச் சமமாக இருந்தால் 2, அதற்குக் கீழே போனால் 1, மேலே போகப் போக எண் கூடும். காம்பின் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு எண். இப்படி மார்பு அகலம், உடல் ஆழம், பின்புறச் சரிவு, பின்னங்காலின் வளைவு, குளம்பின் கோணம், முன்மடி வயிற்றோடு ஒட்டியிருக்கும் வலு, பின்மடியின் உயரம், நடுப்பள்ளம், காம்புகளின் இடம், நடை என்று சர்வதேச ஹோல்ஸ்டீன் சங்கங்கள் ஒப்புக்கொண்ட பட்டியலில் பதினெட்டு இருக்கின்றன.

9 வாங்கியதெல்லாம் சிறந்தது என்று பொருளில்லை. பின்னங்கால் நேராக விறைத்து நின்றால் 1, அரிவாள்போல் வளைந்திருந்தால் 9. இரண்டுமே நீண்ட நாள் தாங்காது. நடுவில் இருப்பதுதான் நல்லது. பின்புறச் சரிவும் அப்படியே. வாலின் இருபுறமும் துருத்தும் எலும்புகள் இடுப்பு எலும்பைவிட உயர்ந்திருந்தால் கன்று வெளிவருவது கடினம். ஈன்ற பின் கருப்பைக் கழிவும் வடியாமல் உள்ளே தேங்கும். ரொம்பச் சரிந்தாலும் பிரச்சினை. மிதமான சரிவே தேவை.

மதிப்பீட்டாளர் பார்ப்பது பெரும்பாலும் முதல் ஈற்றுப் பசுவை. அது எந்தக் காளையின் மகள் என்பது அவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது என்பார்கள். ஏனென்றால் இந்த வேலை முழுவதும் கடைசியில் காளைக்காகத்தான். காளைக்கு மடி கிடையாது. அதன் மகள்களின் மடியைப் பார்த்துத்தான் காளை என்ன கொடுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பசுவின் வயது, ஈன்று எத்தனை மாதம், எந்தப் பண்ணை, எந்த மதிப்பீட்டாளர் என்ற வேறுபாடுகளையெல்லாம் கணக்கில் கழித்துவிட்டு, பல பண்ணைகளில் நிற்கும் மகள்களின் எண்களைச் சேர்த்தால் காளையின் முகம் தெரியும். அதற்குள் காளைக்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகிவிடும். 2009-இல் அமெரிக்காவில் மரபணு அடிப்படையிலான மதிப்பீடு அதிகாரபூர்வமாக வந்தபின் கன்றின் மயிரிலிருந்தே கணிக்க முடிகிறது. ஆனால் அந்தக் கணிப்புக்கு அடித்தளம், தொழுவத்தில் குனிந்து மடியைப் பார்த்தவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவைத்த எண்கள்தான்.

எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் மாறாது. பசுக்களுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பிறவியில் வந்தது, எவ்வளவு தீவனத்திலும் பராமரிப்பிலும் வந்தது என்பதைப் பொறுத்து அது அமைகிறது. அமெரிக்க ஹோல்ஸ்டீனில் உயர வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் பிறவி வழி வருகிறது. மடியின் ஆழத்தில் சுமார் 28 சதவீதம். குளம்பின் கோணத்தில் 15 சதவீதம்தான். மீதியைத் தரையும் ஈரமும் குளம்பு வெட்டும் பழக்கமும் முடிவு செய்கின்றன. உயரமான பசு வேண்டும் என்று ஒரு நாடு ஆசைப்பட்டால் சில தலைமுறைகளில் கிடைத்துவிடும். நல்ல கால் வேண்டும் என்றால் பொறுமை வேண்டும், தொழுவத்தையும் திருத்த வேண்டும்.

உயரமான பசு வேண்டும் என்றுதான் உலகம் ஆசைப்பட்டது. விபரீதம் அங்கே தொடங்கியது.

கண்காட்சி வளையத்தில் பெரிய பசு கம்பீரமாக நிற்கும். நடுவரின் கண் அதன்மேல்தான் முதலில் விழும். பெரிய உடம்பில் பெரிய வயிறு, நிறையத் தீவனம், நிறையப் பால் என்று எல்லோரும் நம்பினார்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் அதைச் சோதித்தது. 1966-இல் குரூக்ஸ்டன் ஆய்வு நிலையத்தில் ஹோல்ஸ்டீன் பசுக்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் பால் திறனில் நல்ல காளைகளே பயன்படுத்தப்பட்டன. ஒரு கூட்டத்துக்கு அவற்றில் பெரிய உடல் தரும் காளைகள், மறு கூட்டத்துக்குச் சிறிய உடல் தரும் காளைகள். பல தலைமுறைகளுக்குப் பின் இரண்டு கூட்டமும் பார்த்த மாத்திரத்தில் வேறாகத் தெரிந்தன. பால் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. லெஸ் ஹேன்சனும் அவரது குழுவினரும் 1999-இல் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது: சிறிய பசுக்கள் தொழுவத்தில் அதிக காலம் நின்றன. அவற்றின் பராமரிப்புக்குத் தீவனமும் குறைவாகவே தேவைப்பட்டது.

இது வெறும் ஆய்வறிக்கையாக நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் காளைகளை அவற்றின் மகள்கள் தரும் மொத்த லாபத்தை வைத்து வரிசைப்படுத்த அரசு உருவாக்கிய குறியீடு ஒன்று 1994 முதல் இருக்கிறது. 2000-இல் அதைத் திருத்தியபோது மடிக்கும் காலுக்கும் கூட்டல் புள்ளி சேர்த்தார்கள். உடல் பருமனுக்குக் கழித்தல் போட்டார்கள். பெரிய உடல் தரும் காளை அன்றிலிருந்து அந்த வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறது. கண்காட்சி வளையத்தில் மட்டும் உயரத்துக்கு இன்னமும் கைதட்டல் இருக்கிறது.

இன்னொரு பழைய நம்பிக்கையும் இப்படியே ஆட்டம் கண்டது. கறவை மாடு மெலிந்து, விலா எலும்பு விரிந்து தெரிய, கோணங்கள் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது எல்லா நாட்டுப் பாடப்புத்தகத்திலும் உண்டு. முன்புறம் குறுகி பின்புறம் விரிந்த ஆப்பு வடிவம் என்று நம் ஊர்க் கால்நடைக் கல்லூரிகளிலும் சொல்லிக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட பசு அதிகம் கறக்கத்தான் செய்கிறது. ஆனால் நோய்களைக் கவனமாகப் பதிந்து வைக்கும் டென்மார்க் போன்ற நாடுகளின் கணக்கோடு ஒப்பிட்டபோது, அந்தக் கூர்மையான மெலிவுப் பரம்பரையில் நோயும் கூடுதல் என்று தெரிந்தது. பசு தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகிறது. அதைத்தான் ‘கறவைத் தோற்றம்’ என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது பல நாடுகளில் உடற்கட்டு எவ்வளவு இருக்கிறது என்பதையும் தனியாகக் குறிக்கிறார்கள்.

உடலமைப்பால் உலகை வென்ற காளைகளும் உண்டு. 1965-இல் வர்ஜீனியாவில் பிறந்த ரவுண்ட் ஓக் ராக் ஆப்பிள் எலிவேஷன் பாலும் கொடுத்தது, மகள்களுக்கு நல்ல மடியும் கொடுத்தது. 1999-இல் ‘ஹோல்ஸ்டீன் இன்டர்நேஷனல்’ இதழ் அதை நூற்றாண்டின் காளை என்று அறிவித்தது. அதன் மகன் ஸ்டார்பக் 1979-இல் கனடாவில் பிறந்தது. கியூபெக்கிலிருந்த அந்த ஒரே காளையின் விந்து 6,85,000 டோஸ்கள் 45 நாடுகளில் விற்றன. மகள்கள் சுமார் இரண்டு லட்சம். அதன் பெயர் நிலைத்ததற்கு மகள்களின் உடலமைப்பே பெரிய காரணம்.

ஒரு காளையை எல்லோரும் விரும்பினால் ஆபத்தும் கூடவே வரும். எலிவேஷன் காலத்தில் புகழ்பெற்ற இன்னொரு காளை, 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். மகள்கள் 16,000, பேத்திகள் ஐந்து லட்சம், கொள்ளுப்பேத்திகள் இருபது லட்சத்துக்கு மேல். அதன் மகள்கள் கொட்டிக் கொடுத்தன. ஆனால் அதன் மரபணுவில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. தாய் வழியும் தந்தை வழியும் அந்தப் பிழையே வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். பிழை எதுவென்று 2016-இல் உறுதியானபோது, அதனால் உலகம் முழுவதும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கருச்சிதைவுகள் நேர்ந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். எந்த நடுவரின் கண்ணுக்கும் அது தெரிந்திருக்க முடியாது. அது மடியிலோ காலிலோ எழுதியிருக்கவில்லை. இன்றைய ஹோல்ஸ்டீன் காளைகள் ஏறக்குறைய எல்லாமே ஆண் வழியில் எலிவேஷனிலோ சீஃபிலோ போய் முடிகின்றன என்பதை நினைத்தால், எல்லோரும் ஒருசில காளைகளையே தேடியதன் விலை புரியும்.

எது நல்ல உடல் என்பது கறக்கும் கையையும் பொறுத்தது. மேற்கு நாடுகளில் இயந்திரம் கறக்கிறது. அதற்குச் சிறிய காம்பு போதும். பின்காம்புகள் மடியின் நடுவே நெருங்கி இருந்தால் முன்பெல்லாம் பாராட்டினார்கள். இப்போது ரோபோ கறக்க வந்துவிட்டது. காம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுக்கிட்டு நின்றால் அதன் கருவி இடம் கண்டுபிடிக்கத் திணறுகிறது. எந்த நெருக்கத்தைப் பல ஆண்டுகள் வளர்த்தார்களோ, அதையே இப்போது தவிர்க்கப் பார்க்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து போன கிர் மாட்டுக்குப் பிரேசிலில் நேர்மாறான பிரச்சினை. காம்பு தடித்து நீண்டிருந்தால் பிறந்த கன்று வாயில் பிடிக்க முடியாமல் சீம்பால் கிடைக்காமல் தவிக்கும். கறவைக் கருவியும் பொருந்தாது. 1985-இல் அங்கே தொடங்கிய கறவை கிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பாலோடு காம்பின் நீளமும் தடிமனும் மடியின் ஆழமும் அளந்து பதிகிறார்கள். நம் நாட்டிலிருந்து போன மாடு அங்கே கறவை மாடாக உலகுக்கே பெயர்பெற்றதில் இந்த அலுப்பூட்டும் பதிவேட்டு வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வேலையை நாம் முன்பே செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எழாமல் இல்லை.

தமிழ்நாட்டில் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் வீடுகளில் கறப்பது பெரும்பாலும் கைதான். காம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்றால் முழுக் கையால் பிடிக்க முடியாது. இரண்டு விரலால் உருவ வேண்டும். கறப்பவருக்கு விரல் மூட்டு வலிக்கும், காம்பின் உட்புறமும் புண்ணாகும். வெளிநாட்டு இயந்திரத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காளையின் விந்து இங்கே வரும்போது அந்தச் சின்னக் காம்பும் சேர்ந்தே வருகிறது. நம் கைக்கு எந்தக் காம்பு பொருந்தும் என்பதை நம் தொழுவத்தில் நிற்கும் மகள் பசுக்களை அளந்துதான் சொல்ல முடியும்.

அதற்கான வேலை தொடங்கியிருக்கிறது. மகள்களை வைத்துக் காளையை மதிப்பிடும், தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் சந்ததிச் சோதனைத் திட்டங்களில் மகள்களின் பாலளவோடு உடலமைப்பும் 1 முதல் 9 வரையான அளவுகோலில் பதிவாகிறது. ஜெர்சி கலப்பினத்துக்கான சந்ததிச் சோதனையைத் தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் இங்கேயே நடத்தியது. நீலகிரியில் ஜெர்சிப் பண்ணையும் பொலிகாளை நிலையமும் இருக்கின்றன.

இதெல்லாம் சந்தையில் பசு வாங்கப் போகிறவருக்கு எப்படிப் பயன்படும்? வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையத்தில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்முன் அவர் செய்யக்கூடியவை சில உண்டு. முதலில் பின்னால் நின்று மடியைப் பார்க்கலாம்: நடுப்பள்ளம் தெரிகிறதா, அடிப்பகுதி முட்டிக்கு மேலே இருக்கிறதா, காம்புகள் நேர் கீழே பார்க்கின்றனவா. முதல் நாள் கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைப்பது வியாபாரிகள் அறிந்த வித்தை; ஆகவே கறந்து காட்டச் சொல்லி, கறந்த பின் மடி துணிபோல் சுருங்குகிறதா என்று பார்ப்பது அவசியம். சுருங்காமல் கெட்டியாகவே நிற்கும் மடியில் இருப்பது பெரும்பாலும் சதை அல்லது பழைய மடிநோயின் தழும்பு. பிறகு பத்தடி நடக்கவிட்டுப் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசாமல் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வயிற்றடியில் ஓடும் பால் நரம்பு என்ற ரத்தக்குழாய் தடித்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்தான். ஒரு லிட்டர் பால் சுரக்க நானூறு ஐந்நூறு லிட்டர் ரத்தம் மடி வழியே ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த நரம்பு ஈற்றுக்கு ஈற்று தடிக்கும் என்பதால், வயதான பசுவில் அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யக்கூடாது.

வாங்கியபின் செய்யக்கூடியது இன்னும் பெரியது. சினை ஊசி போட வருபவரின் கையிலிருக்கும் உறைவிந்துக் குச்சியில் காளையின் எண் அச்சிட்டிருக்கும். பசுவின் காதில் பன்னிரண்டு இலக்க அட்டை இருக்கும். இந்த இரண்டு எண்ணையும் ஊசி போட்ட தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், பிறக்கும் கிடேரிக்குத் தந்தை யார் என்பது தெரியும். மூன்று வருடம் கழித்து அந்தக் கிடேரி ஈன்று, அதன் மடி முட்டிக்கு மேல் நிற்கிறதா, காம்பு கைக்கு அடங்குகிறதா என்று தெரியவரும்போது, அடுத்த முறை அதே காளையைக் கேட்பதா வேறு கேட்பதா என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.